ஒருவரை மட்டும் தாங்கும் பலகை

சட்டை காயவில்லை.

முந்தின நாள் மாலை லாரன்ஸ் அதை அலசிப் பிழிந்து, காட்சிசாலைப் பின்னறைக் கொடியில் போட்டு, மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போயிருந்தார். விசிறி இரவெல்லாம் ஓடியிருக்கிறது. பக்கத்தில் கிடந்த துண்டு மொறமொறவென்று காய்ந்திருந்தது. சட்டையின் கைநுனியிலிருந்து மட்டும் சிமெண்டுத் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். குழாய்த் தண்ணீரில் அலசிய சட்டை, உப்புக் கரித்தது.

கடல் காற்று, கூரை ஒழுக்கு, ஏதோ ஒன்று. அதற்கு மேல் யோசிக்க அலுப்பாக இருந்தது. இன்றைக்கு ஒரு நாள் அதைப் போட்டால் போதும். நாளை லீனாவுக்குக் கல்யாணம். கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம் தொடங்குமுன் முடித்துவிட வேண்டும் என்று ஃபாதர் சொல்லி வைத்த தேதி. தாயில்லாமல் வளர்ந்த பெண். அவள் கையைப் பிடித்துக் கோயில் நடுவழியே பீடம் வரை கூட்டிப்போய் விட்டுவிட்டால் போதும், பிறகு எங்காவது ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளலாம் என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே ஆசை.

ஓய்வு பெற்ற துறைமுகக் குமாஸ்தா அவர். பினாங்குக் கடற்கரைத் தெருவான வெல்ட் கீயில் ஒரு பழைய கிடங்கைத் தனியார் காட்சிசாலையாக மாற்றியவர்கள், மூன்று பாஷை பேசுகிறவர் என்று அவரைக் கூப்பிட்டு, சவரிமுத்து வேஷம் கட்ட வைத்தார்கள். அந்தக் காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து தோட்டங்களுக்கு ஆள் ஏற்றி வந்த கப்பல் ஒன்று, பினாங்குத் தீவு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் புயலில் உடைந்தது. கரை சேர்ந்தவன் சவரிமுத்து ஒருவன்தான். பினாங்கு ரோட்டுத் தையல்காரர் தைத்து, தேயிலைச் சாயத்தில் முக்கிப் பழசாக்கிய முரட்டுச் சட்டையும் முழங்கால் வரை கிழிந்த வேட்டியுமாக, கையில் ஒரு பலகையோடு, தினமும் சாயங்காலம் லாரன்ஸ் அந்தக் கதையைச் சொன்னார். பலகையை இருவர் பிடித்தால் மூழ்கும், ஒருவர் பிடித்தால் மிதக்கும். கூட வந்த சிநேகிதன் தானாகவே கையை விட்டுவிட்டான். அந்த இடத்தில் வெள்ளைக்காரப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

வரவர லாரன்ஸின் கையிலும் ஈரம் நிற்கவில்லை. எத்தனை துடைத்தாலும் உள்ளங்கை பிசுபிசுத்தது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் வழுக்கியது. அவர் தொட்ட சோற்றுத் தட்டு உப்பாக இருப்பதாக லீனா ஒருநாள் சொல்லிவிட்டு, பிறகு சொன்னதற்காக வருந்தினாள்.

எப்போதிலிருந்து என்று அவருக்குத் தெரியும். நினைக்காமல் இருந்தார், அவ்வளவுதான்.

கல்லறைத் திருநாளுக்குக் குடும்பத்தில் இறந்தவர்களின் பெயரைக் கோயிலில் கொடுத்துப் பூசைக்கு வைப்பார்கள். இந்த வருஷம் மனைவி ஜூலியானாவின் பெயரோடு, காட்சிசாலைச் சுவரில் எழுதியிருந்த, கப்பலோடு மூழ்கியவர்களின் பெயர்களையும் அவர் கொடுத்தார். கேட்க ஆளில்லாத ஆத்துமாக்கள். ஃபாதர் நிதானமாக வாசித்தார், கோயிலில் எல்லோரும் அவர்களுக்காக முழங்காலில் நின்றார்கள். அன்றைக்கு லாரன்ஸுக்கு மனசு நிறைந்திருந்தது. மறுநாள் காட்சிசாலையில் டிக்கெட் விற்கும் ஹாஜராதான் அதைக் கேட்டாள்.

"எல்லாருக்கும் பூசை வச்சீங்க, உங்க ஆளுக்கு வைக்கலியா? அவரு இன்னும் உசுரோடவா இருக்காரு அண்ணே?"

"அவன் பொழச்சவன் லா," என்று வாயில் வந்ததைச் சொன்னார். சொன்ன பிறகுதான் உறைத்தது. தப்பிப் பிழைத்தவனும் எப்போதோ, ஏதோ ஒரு தோட்டத்து லயத்தில் செத்துத்தானே போயிருப்பான். தினமும் அவனாகவே நின்று பேசிப் பேசி, அவனை இறந்தவர்களோடு சேர்க்க அவருக்குத் தோன்றவே இல்லை. ஹாஜரா சிரித்தாள். அவரும் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை ஃபாதரிடம் சொல்லி அவனுக்கும் ஒரு பூசை வைக்கலாம் என்று நினைத்தார். ஞாயிறு வந்தது, கல்யாண வேலை, கால்வலி, அலுப்பு. அடுத்த ஞாயிறும் அப்படியே போனது.

கல்யாணத்துக்கு முந்தின நாளான அன்று மாலை கடலிலிருந்து மழை எழும்பி வந்தது. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் ஃபெர்ரியின் சங்குகூட அமுங்கிப்போனது. கிடங்குக்குள் பழைய கயிறும் பூஞ்சைக் காளானும், அவற்றுக்கு அடியில் என்றோ செத்த மீனும் மணத்தன. பெஞ்சில் நாலைந்து வெள்ளைக்காரர்கள் இருந்தார்கள். கல்யாணக் கோட்டைத் தையல்காரரிடம் போட்டுப் பார்க்க அப்பாவைக் கூட்டிப்போக லீனா வந்து, நனைந்த குடையோடு கதவருகே நின்றாள்.

ஈரச் சட்டை மார்பில் ஒட்டியது. லாரன்ஸ் பலகையை எடுத்துக்கொண்டு ஆங்கிலத்தில் தொடங்கினார். புயல் வந்தது, பாய்மரம் முறிந்தது. சிநேகிதன் கையை விடும் இடமும் வந்தது.

வாய் நின்றது. பிறகு தானாகத் தமிழில் திறந்தது. அவர் பேசாத தமிழ், கடலோரத் தமிழ்.

"அவன் விடல. நாந்தான் அவன் வெரல ஒவ்வொண்ணா பிரிச்சேன். அண்ணே அண்ணேன்னான். பிரிச்சேன்."

வெள்ளைக்காரர்கள் புரியாமல் கைதட்டினார்கள். லீனா தட்டவில்லை.

பின்னறைக்கு வந்தார். கதவைச் சாத்தினார். சட்டையைக் கழற்றினார். தோலை உரிப்பது போல வந்தது. கொடியில் போட்டார். முடிந்தது, இனி இதைத் தொட வேண்டியதில்லை. ஃபாதரிடம் இன்றைக்கே போகலாம், தையல்காரரிடம் போகும் வழியில். முதலில் பூசை. பிறகு கோட்டு.

தன் உடுப்புக்காக ஆணியைத் தடவினார். ஆணி வெறுமையாக இருந்தது.

"அப்பா, ரெடியா?" ஒட்டுப்பலகைத் தடுப்புக்கு அப்பாலிருந்து லீனா.

பதில் சொல்ல வாயைத் திறந்தார். தொண்டைக்குள் தண்ணீர். உப்பு. மூச்சு வரவில்லை.

"வந்துட்டேம்மா." அவருடைய குரல். தடுப்புக்கு அந்தப் பக்கம்.

தடுப்பின் இடுக்கில் கண்ணை வைத்தார். அவருடைய சாம்பல் சட்டை. அவருடைய கால்சட்டை. அவருடைய கண்ணாடி. எல்லாம் நன்றாகக் காய்ந்திருந்தன. அவருடைய முகத்தோடு அந்த ஆள் தலை நிமிர்ந்து நின்றான், அலுப்பே இல்லாதவனாக.

"நாளைக்கு சர்ச்சுக்கு வந்துருவேன் அண்ணே," என்றாள் டிக்கெட் மேசையிலிருந்து ஹாஜரா.

"கட்டாயம் வாங்க," என்றான் அந்த ஆள்.

தடுப்பைத் தட்டக் கையைத் தூக்கினார். கை கனத்தது. குனிந்து பார்த்தார். சட்டை உடம்பில் இருந்தது. கொடி வெறுமையாக ஆடியது. கணுக்காலில் தண்ணீர். முழங்காலில். குளிர். தட்டினார், சத்தம் எழவில்லை. மழை மட்டும்.

லீனா ஒரு கையில் குடையை விரித்து, மறு கையை நீட்டினாள்.

"இன்னிக்குத்தான்பா உங்க கை காஞ்சிருக்கு," என்றாள் சந்தோஷமாக.

அவன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். பலகையைப் பிடிப்பது போல, இரண்டு கைகளாலும்.