நீலவேணிக்கு வந்த சிவப்புச் சீட்டுகள்

எண்பதுகளின் தொடக்கத்தில் செந்தூல் ரயில் பட்டறையின் சங்கு ஊதினால்தான் எங்கள் பக்கத்துக் கோழிகள் கூவும். சங்கு ஊதாத நாட்களில் வேலாயுதத்தின் பிக்கப் இருந்தது. அது ஒருமுறை ஸ்டார்ட் ஆனால் போதும். செந்தூல் மட்டுமல்ல, தள்ளியிருக்கும் செலாயாங் ஊரே பாயைச் சுருட்டிவிட்டு எழுந்துவிடும். நம்பாவிட்டால் அந்தக் கோழிகளைக் கேட்டுப் பாருங்கள்.

அந்தப் பிக்கப்பின் பெயர் நீலவேணி. பெயர் வைத்தவள் வேலாயுதத்தின் மகள் புஷ்பவல்லி. அவளுக்கு வயது பத்து. நீலவேணிக்கு அதைவிட இரண்டு மடங்கு. வாங்கியபோது முழுக்க நீலமாக இருந்த வண்டி, இப்போது பாதி நீலம், பாதி துரு. முன்கதவைச் சாத்தினால் பின்பலகை திறந்துகொள்ளும். பின்பலகையைச் சாத்தினால் ஹாரன் அடிக்கும்.

நீலவேணியின் முன்பக்கத்தில் ஒரே ஒரு நீளச் சீட்டு. இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரை பெஞ்சு மாதிரி நீண்டிருக்கும். கியர் கம்பியும் தரையில் இல்லை, ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதனால் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். வலப்பக்கம் வண்டி ஓட்டும் அப்பா. இடப்பக்கம் அம்மா நல்லம்மாள். நடுவில் புஷ்பா.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மூவரும் கிள்ளானுக்குக் கிளம்புவார்கள். அங்கே பாசார் சந்தையில் தேங்காயும் வாழை இலையும் ஏற்றிக்கொண்டு, பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் கொண்டுவந்து இறக்குவார்கள்.

நடுவில் உட்காருகிறவருக்குத்தான் வேலை அதிகம். நீலவேணியின் ரேடியோ, விரலால் அழுத்திப் பிடித்தால்தான் பாடும். விரலை எடுத்தால் கரகரவென்று இருமும். மழை வந்தால் கண்ணாடி மங்கிவிடும், துணியால் துடைக்க வேண்டும். சிவப்பு விளக்கில் வண்டி நின்றால் அப்பா "ஆ" என்று வாயைத் திறப்பார். புஷ்பா ஒரு முறுக்கை உள்ளே போட வேண்டும். பச்சை விளக்கு வருவதற்குள் அவர் அதை மென்று முடிக்க வேண்டும். அது நீலவேணியின் சட்டம்.

"நான் இல்லேன்னா இந்த வண்டி கிள்ளான் போகாதுப்பா" என்பாள் புஷ்பா.

"டயர் இல்லேன்னாகூட போயிரும். நீ இல்லேன்னா போகாது" என்பார் அப்பா.

நீளச் சீட்டுக்கு ஒரே ஒரு கெட்ட குணம். அப்பா உட்காரும் இடத்தில் உள்ளே ஒரு சுருள்கம்பி உடைந்திருந்தது. ரோட்டில் ஒரு சின்னக் கல் வந்தாலும் அது அப்பாவின் இடுப்பில் ஒரு குத்து விடும். பள்ளம் வந்தால் இரண்டு குத்து. ஞாயிறு மத்தியானம் வண்டியை விட்டு இறங்கும்போது அப்பா கேள்விக்குறி மாதிரி வளைந்திருப்பார். அம்மா தைலம் தேய்த்துத் தேய்த்து அவரை ஆச்சரியக்குறியாக நிமிர்த்துவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் தெருமுனையிலேயே ஹாரன் சத்தம் கேட்டது. பின்பலகையைச் சாத்திய ஹாரன் இல்லை, அப்பாவே வேண்டுமென்று அடித்த ஹாரன்.

"நல்லம்மா! புஷ்பா! ஓடியாங்க!"

வண்டியின் பின்னால் இரண்டு சீட்டுகள் கம்பீரமாக நின்றன. ரவாங்கில் பழைய கார்களைக் கழற்றி விற்கும் கடையில் பிடித்தாராம். ஒவ்வொன்றிலும் ஒருவர் மட்டுமே உட்காரலாம். இரண்டு பக்கமும் மேடாக எழும்பி, உட்காருகிறவரின் இடுப்பை அணைத்துக்கொள்ளும். நிறமோ கேசரியைவிடச் சிவப்பு.

"இதுக்குப் பேரு பக்கெட் சீட்டு" என்றார் அப்பா பெருமையாக.

"பக்கெட்டா? இதுல எப்படித் தண்ணி பிடிக்கிறது?" என்றாள் அம்மா.

"உக்காந்து பாரு, அப்புறம் பேசு!"

அம்மா உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த பிடியை அப்பா இழுத்தார். சீட்டு சர்ரென்று பின்னால் சாய்ந்தது. "ஐயோ!" என்று அலறிய அம்மா, அடுத்த நிமிடமே, "இன்னொரு தடவ இழுங்க" என்றாள்.

அவ்வளவுதான். தெருவே வரிசையில் வந்து நின்றது. ரொட்டிக்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். பக்கத்து வீட்டு வீரசிங்கம் அங்கிளும் வந்தார். ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் வலி. அவர் வீட்டு வாசலில் இருந்த மரநாற்காலியிலிருந்து எழுந்து நிற்பதற்குள் ஒரு கூட்ஸ் ரயில் முழுக்கக் கடந்து போய்விடும்.

அங்கிள் சிவப்புச் சீட்டில் அமர்ந்தார். கண்ணை மூடினார்.

"அங்கிள், எழுந்திருங்க. அடுத்தவங்க நிக்கிறாங்க" என்றாள் புஷ்பா.

"பொறு பிள்ளை. முப்பது வருசம் ரயில்வேயில இருந்தனான். இப்படியொரு சீற்றை முதல் வகுப்பிலயும் காணேல்ல" என்றார் அவர். செய்தித்தாளை முதல் வரியிலிருந்து கடைசி விளம்பரம் வரை படித்துவிட்டுத்தான் எழுந்தார்.

மறுநாள் காலையில் மெக்கானிக் சபாபதி அங்கிள் ஸ்பானர் பெட்டியோடு வந்துவிட்டார். பழைய சீட்டின் போல்ட்டுகள் துருப்பிடித்துத் தரையோடு ஒட்டியிருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றினார். அசையவில்லை. தட்டினார். அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். சபாபதி அங்கிள் சுற்றினாரே தவிர, போல்ட்டு சுற்றவில்லை. காபி வந்தது, குடித்தார். பிறகு திருகினால் ஒவ்வொன்றாகக் கழன்று வந்தது.

"காபிக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்துச்சு லா, இந்த போல்ட்டு" என்றார்.

நீளச் சீட்டைத் தூக்கிப் புல்லில் போட்டார்கள். அது இருந்த இடத்தில் ஒரு பொருட்காட்சியே கிடந்தது. அம்மாவின் கொண்டை ஊசிகள். புஷ்பா தொலைத்த ஒற்றைத் தோடு. கல்லாகிப்போன பாதி முறுக்கு. அதன் பக்கத்தில் சின்னதாக ஒரு பல்.

"அப்பா, என் பல்லு! கிள்ளான் பாலத்துல முறுக்கு கடிக்கிறப்ப விழுந்துச்சே, அது!"

அப்பா பல்லைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சிவப்புச் சீட்டுகளின் ஓட்டைகளும் தரையில் இருந்த ஓட்டைகளும் ஒத்துப்போகவில்லை. சபாபதி அங்கிள் இரும்புச் சட்டம் வெட்டி, வெல்டிங் வைத்து, சீட்டுகளை அதன்மேல் பூட்டினார். உச்சி வெயில் சாய்வதற்குள் நீலவேணியின் முன்பக்கம் மாப்பிள்ளைக் கார் மாதிரி ஜொலித்தது.

அம்மா நான்கு டயர்களுக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். கற்பூரம் காட்டினாள். கண்ணாடியில் சந்தனப் பொட்டு வைத்தாள். தெருவே கூடிவிட்டது.

"ஏறுங்க, ஏறுங்க! கோயில் வரைக்கும் ஒரு ரவுண்டு!" என்றார் அப்பா.

அப்பா ஏறினார். டப் என்று கதவைச் சாத்தினார். பின்பலகை திறந்துகொண்டது. அம்மா ஏறினாள். டப்.

புஷ்பா வெளியே நின்றாள்.

உள்ளே எட்டிப் பார்த்தாள். இந்தப் பக்கம் ஒரு சிவப்புச் சீட்டு. அந்தப் பக்கம் ஒரு சிவப்புச் சீட்டு. நடுவில் வெறும் தரை.

அப்பா அவளைப் பார்த்தார். அம்மா அவளைப் பார்த்தாள். இரண்டு பேரும் நடுவில் இருந்த தரையைப் பார்த்தார்கள். தெருவில் ஒவ்வொருவரும் உட்கார்ந்து பார்த்த சீட்டு. சாய்த்துப் பார்த்தார்கள், தட்டிப் பார்த்தார்கள், தடவிப் பார்த்தார்கள். வீட்டில் இருப்பது மூன்று பேர், சீட்டு இரண்டு என்பதை மட்டும் யாருமே எண்ணிப் பார்க்கவில்லை!

"அலாமாக்!" என்று தலையில் கை வைத்தார் சபாபதி அங்கிள்.

"பரவால்லப்பா" என்றாள் புஷ்பா. கதவிலிருந்து ஓர் அடி பின்வாங்கினாள். "நான் வீரசிங்கம் அங்கிள் வீட்டுல இருந்துக்கிறேன். நீங்க போயிட்டு வாங்க."

"நீ எதுக்கு இருக்கணும்? நான் இருக்கேன், நீ அப்பாவோட போ" என்று அம்மா இறங்கிவிட்டாள்.

"ரெண்டு பேரும் இருக்க வேணாம். நான் வீட்டுல இருக்கேன், நீங்க ரெண்டு பேரும் போங்க!" என்று அப்பாவும் இறங்கினார்.

"ஏங்க, அப்ப வண்டிய யாரு ஓட்டறது?"

அப்பா கையிலிருந்த சாவியைப் பார்த்தார்.

"நடுவுல ஒரு குட்டி ஸ்டூல் போட்டா என்ன?" என்றார் ரொட்டிக்காரர்.

"நல்லா இருக்கே! ஒரு பிரேக் போட்டா பாப்பா பறந்து, நூறு மைல் தாண்டி ஈப்போவுல போய் விழும்" என்றார் சபாபதி அங்கிள்.

"பின்னால தேங்காயோட உக்காரட்டுமே" என்று இன்னொருவர் சொன்னார். அம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் வீட்டுக்கே போய்விட்டார்.

அப்பா சிவப்புச் சீட்டை ஒரு தடவை தடவினார். பிறகு சொன்னார்: "அண்ணே, கழட்டுங்க. பழைய சீட்டையே மாட்டுங்க."

"வேலாயுதம், இப்பத்தான் கடைசி நட்ட முடுக்குனேன்!"

"பரவால்ல. என் பொண்ணு இல்லாத வண்டி எனக்கு எதுக்கு?"

புஷ்பாவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அப்பாவின் கை அவருக்கே தெரியாமல் இடுப்புக்குப் போவதை அவள் பார்த்துவிட்டாள். அந்தச் சந்தோஷம் சட்டென்று சுருங்கிவிட்டது.

புல்லில் கிடந்த நீளச் சீட்டில் போய் உட்கார்ந்தாள். நடுவில், தன் இடத்தில். மெத்தென்று இருந்தது. நகர்ந்து அம்மா இடத்தில் உட்கார்ந்தாள். அதுவும் மெத்தென்றுதான் இருந்தது. அப்புறம் அந்தக் கோடிக்குப் போய் அப்பா இடத்தில் உட்கார்ந்தாள்.

"ஆஆ!"

துள்ளி எழுந்தாள். வண்டி ஓடாமலேயே இந்தக் குத்தா? அப்பா இதில் உட்கார்ந்துகொண்டா கிள்ளான் வரைக்கும் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்?

இடுப்பைத் தேய்த்துக்கொண்டு நின்றவள், சீட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

"சபாபதி அங்கிள்! இந்த சீட்டுல அப்பா இடம் மட்டும்தானே கெட்டுப் போச்சு?"

"ஆமா பாப்பா."

"நாங்க உக்கார்ற இடம் நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"அப்ப இத வெட்டலாமா? கெட்டுப்போன துண்ட எடுத்துட்டு, அங்க அப்பாவுக்கு ஒரு சிவப்பு சீட்டு. மிச்சத்துல நானும் அம்மாவும்."

சபாபதி அங்கிள் ஸ்பானரால் தலையைச் சொறிந்தார். சீட்டைப் புரட்டிப் போட்டு அடிக்குழாயைத் தட்டிப் பார்த்தார். கை விரித்து அளந்தார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பில் நீலவேணியின் ஹாரன் தானாகவே அடித்தது என்று தெருவில் இன்றைக்கும் சத்தியம் செய்கிறார்கள்.

"வெட்டலாம் லா! வெட்டுன பக்கம் ஒரு இரும்புக் கால் வச்சிட்டா யானையே உக்காரலாம். இந்த சிவப்பு சீட்டோட வந்த கார் பெல்ட்டையும் நடுவுல பூட்டிடறேன். பாப்பா இனிமே ஈப்போ பறக்காது!"

ரம்பம் கீச்சிட்டது. வெல்டிங் பொறி பறந்தது. அம்மா தடித்த ஊசியால் கிழிந்த உறையைத் தைத்தாள். பொழுது சாயும் நேரத்தில் வேலை முடிந்தது. அப்பாவுக்குப் புதுச் சிவப்பு, மற்ற இருவருக்கும் பழைய கறுப்பு.

"ஒத்தக் கால்ல மட்டும் செருப்பு போட்ட மாதிரி இருக்கு" என்றாள் அம்மா.

"ராஜா மாதிரி இருக்கு" என்றார் அப்பா. அவர் அதற்குள் ஏறிச் சாய்ந்துவிட்டார்.

இன்னொரு சிவப்புச் சீட்டு புல்லில் தனியாக நின்றது. புஷ்பா அப்பாவின் காதில் ஏதோ சொன்னாள். அப்பா தலையாட்டினார். சபாபதி அங்கிள் அதற்கு உயரமாக நான்கு மரக்கால்கள் பூட்டிக் கொடுத்தார். மூவரும் தூக்கிக்கொண்டுபோய் வீரசிங்கம் அங்கிளின் வாசலில் வைத்தார்கள்.

"எனக்கெதுக்குப் பிள்ளை இதெல்லாம்? கொண்டு போங்கோ, கொண்டு போங்கோ" என்றார் அங்கிள். அதைச் சொல்லி முடிக்கும்போதே அவர் அதில் உட்கார்ந்திருந்தார். உயரமான சீட்டு என்பதால் அடுத்த முறை எழுந்தபோது கூட்ஸ் ரயில் தேவைப்படவில்லை.

ஞாயிறு விடிந்தது. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழங்கள் இரவெல்லாம் காத்திருந்து வாடிப்போயிருந்தன. அம்மா கதவைச் சாத்துவதற்கு முன் சத்தமாகக் கேட்டாள்:

"அப்பா?"

"இருக்கேன்!"

"புஷ்பா?"

"இருக்கேன்!"

"நானும் இருக்கேன். இப்ப எடுங்க வண்டிய!"

பக்கத்து வாசலில் வீரசிங்கம் அங்கிள் சிவப்புச் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, விசில் ஊதி, ஒரு பச்சைத் துண்டை வீசிக் காட்டினார். நான்கு எலுமிச்சம்பழங்களும் சப்பென்று நசுங்கின. செலாயாங் வரைக்கும் எல்லோரும் எழுந்துகொண்டார்கள்.

முதல் சிவப்பு விளக்கில் நீலவேணி நின்றது. அப்பா கேள்விக்குறியும் இல்லை, ஆச்சரியக்குறியும் இல்லை. சாய்ந்த ராஜாவாக "ஆ" என்று வாயைத் திறந்தார். புஷ்பா ஒரு விரலால் ரேடியோவை அழுத்தியபடி, மறு கையால் இருப்பதிலேயே பெரிய முறுக்கை உள்ளே போட்டாள்.

பச்சை விளக்கு வந்தது. அப்பா இன்னும் மென்றுகொண்டிருந்தார். பின்னால் நின்ற கார்களெல்லாம் ஹாரன் அடித்தன.

அடிக்கட்டுமே! உள்ளே மூன்று பேரும் சிரித்து முடிக்க வேண்டாமா?