முப்பத்தொன்றாம் நாற்காலிக்குச் சோறு

அடைமழை நாளொன்றின் மதியம், ஹேரிம் அந்த நிலவறை கேம் சென்டருக்குள் இறங்கியதும் மூக்கைத்தான் பொத்தினாள். ஈரக் கம்பளம், கொதித்த நூடுல்ஸ், யாரோ கழற்றிப் போட்ட காலுறை. தென்கொரியாவின் இன்ச்சோனில் எந்த சென்டரும் இப்படித்தான் நாறும். ஆனால் முப்பத்தொன்றாம் நாற்காலியிலிருந்து வந்த நாற்றம் வேறு. ஒரு பாட்டில் சென்ட்டையே அடித்துத் தீர்த்திருந்தார்கள். அதற்கடியில் கெட்ட இறைச்சியின் தித்திப்பு வாடை அப்படியே இருந்தது.

அந்த நாற்காலியில்தான் அவர்கள் அணியின் க்யூசோக் செத்தான். மூன்று நாள் விடாமல் ஆடி, உட்கார்ந்தபடியே போய்விட்டான். தூங்குகிறான் என்று நினைத்து, பக்கத்திலேயே மறுநாள்வரை ஆடிக்கொண்டிருந்தவன் பியோங்ஹோ.

அவர்கள் ஆடும் கணினி ஆட்டத்தில் நால்வர் களத்தில் சுடுவார்கள். ஐந்தாமவர் தளபதி. மேலிருந்து பார்த்துச் சுவரும் பீரங்கிக் கோபுரமுமாகக் கோட்டை கட்டுவார். எதிரியின் கோட்டையை இடித்தால் வெற்றி. க்யூசோக் இருந்த தளபதி இடம் இப்போது ஹேரிமுக்கு. இன்று ஜெயித்தால் மாதச் சம்பளத்துக்கு ஆடும் அணியாகிவிடுவார்கள். தோற்றால் அவள் திங்கட்கிழமை முதல் மாமாவின் கடையில் மீன் குடல் உருவ வேண்டும். அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"வேற இடம் இல்லையாண்ணா? நாத்தம் தாங்கல."

"நீ முப்பதுலதானே உக்கார்ற? நான் ஒரு நாள் முழுக்க அவன் பக்கத்துல இருந்தேன். செத்தா போயிட்டேன்?" என்று பியோங்ஹோ சிரித்தான். "என்ன இருந்தாலும் நாம ஒரே பானைச் சோறு."

அந்த ஊரில் அணித்தோழர்களை அப்படித்தான் சொல்வார்கள். பிணத்தின் பக்கத்தில் ஆடியவன் வாயிலிருந்து வந்தபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவள் கேட்டிருந்த, கிம்ச்சி ஊறுகாய் போட்டு வறுத்த சோறு வந்த நேரத்தில் ஆட்டமும் தொடங்கிவிட்டது. இரண்டு கையும் வேண்டும். கரண்டியைச் சோற்றில் நட்டுக்குத்தலாகச் செருகி, கிண்ணத்தை இடப்பக்கம், முப்பத்தொன்றின் காலி மேசைக்குத் தள்ளினாள்.

அரைமணி நேரத்தில் அவர்கள் கோட்டையின் வடக்குச் சுவர் இடிந்தது. தோல்வி கண்ணுக்குத் தெரிந்தது.

அப்போது திரையில் ஒரு புதுச் சுவர் எழும்பியது.

"சபாஷ் ஹேரிம்."

"நான் கட்டலண்ணா."

ஆற்றுக்குப் பின்னால் ஒரு கோபுரமும் முளைத்தது. க்யூசோக் எப்போதும் கட்டும் இடம்.

இடப்பக்கம் யாரோ மெல்லும் சத்தம். வாயைத் திறந்தபடி, ஈரமாக, சப்புக்கொட்டி.

அவள் திரும்பினாள்.

நாற்காலி காலி. கிண்ணத்தில் பாதிச் சோறு இல்லை. விளிம்பிலிருந்து விசைப்பலகை வரை எச்சில் நூலாகத் தொங்கியது. கரண்டி மட்டும் நிமிர்ந்து நின்றது.

அங்கே செத்தவர்களுக்குப் படைக்கும்போதுதான் சோற்றில் கரண்டியைக் குத்தி நிறுத்துவார்கள். குழந்தை செய்தால்கூடக் கையில் அடி விழும். அவசரத்தில் அவளே க்யூசோக்கைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள்.

கரண்டியைப் பிடுங்கக் கை நீட்டினாள். வலப்பக்கம் உட்கார்ந்திருந்த பியோங்ஹோ மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"எடுக்காத."

"அண்ணா, அவன்..."

"தெரியுது. தின்னுக்கிட்டே கட்டட்டும். ஆட்டம் இன்னும் பத்து நிமிஷம்தான்."

இன்னொரு கை சும்மாதான் இருந்தது. அந்தக் கையால் பிடுங்கியிருக்கலாம். மாமா கடைக் குடல் கூடை நினைவுக்கு வந்தது. அவள் பிடுங்கவில்லை.

ஜெயித்தார்கள்.

எதிர்வரிசையில் மற்ற மூவரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். அவள் கரண்டியை உருவினாள். வாயிலிருந்து அப்போதுதான் எடுத்ததுபோல வெதுவெதுப்பாகப் பிசுபிசுத்தது. கிண்ணத்தோடு குப்பைக் கூடையில் எறிந்து, அதிலேயே வாந்தியும் எடுத்தாள். கூடையைவிடத் தன் மேல்தான் அருவருப்பாக இருந்தது.

"இனி நான் வரமாட்டேன்."

"வருவ. சம்பளம் யாருக்குக் கசக்கும்?" என்றான் பியோங்ஹோ.

கல்லாப் பெண் தட்டோடு வந்து நின்றாள். ஆவி பறக்கும் இரண்டு கிண்ணம் சோறு.

"முப்பத்தொண்ணுலேருந்து ஆர்டர் வந்துச்சு. யாரு?"

முப்பத்தொன்றின் கணினி அணைந்துதான் கிடந்தது. சீட்டை ஹேரிம் வாங்கிப் பார்த்தாள். குறிப்பு என்ற இடத்தில் அச்சாகியிருந்தது: 'ஒண்ணு ஹேரிமுக்கு. இனி நாங்க ஒரே பானைச் சோறு.'

வாந்தியெடுத்து ஓய்ந்த வயிறு, அந்தச் சோற்றின் வாசனைக்குப் பசித்தது.