இரண்டாவது அட்டை

ரயில் நிலைய நுழைவாயிலில், முசிக்காகத் தொட்ட பயண அட்டைக்குக் கதவு ஒருமுறை திறந்து மூடியது. சரிதான். ஆனால் மூடிய கையோடு இன்னொரு முறையும் திறந்தது. அட்டை எதுவும் தொடாமலே, ஓர் ஆள் நுழையும் நேரம் திறந்து நின்று, பிறகு சாவகாசமாகச் சாத்திக்கொண்டது.

லிந்தானி அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு கையில் போர்வை சுற்றிய இலந்தைக் கிளை, இன்னொரு கையில் சக்கரம் உடைந்த பெட்டி. காவலுக்கு நின்ற பெண், ஒரே ஆளுக்கு எதற்கு இரண்டு அட்டை என்று கேட்க வாயெடுத்தவள், போர்வைக்கு வெளியே நீண்ட முள்ளைக் கண்டதும் தொப்பியைக் கழற்றிவிட்டு ஒதுங்கினாள். ஜோஹன்னஸ்பர்க்கில் பாதிப் பேருக்கு அந்தக் கிளையைத் தெரியும். செத்தவரை வீட்டுக்கு அழைத்துப் போகிறவனிடம் அவர்கள் பேச்சுக் கொடுப்பதில்லை. மீதிப் பாதிப் பேர்தான் அவன் பிராணனை வாங்கப் போகிறவர்கள்.

அண்ணன் முசி இந்த ஊரில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கண்மூடினான். உடலை டர்பனுக்கு அப்பால் சொந்த மண்ணில் புதைத்தாயிற்று. ஆளைக் கூப்பிடத்தான் யாரும் வரவில்லை. சொந்தத்தில் ஆளுக்கொரு சாக்கு. உயிர் போன கட்டிலருகே கிளையை நீட்டி, பெயர் சொல்லி, வா போவோம் என்று அழைத்து வந்தால்தான் செத்தவன் வீடு சேருவான். அதைச் செய்யாததால் அம்மா சோற்றைத் தொடுவதை நிறுத்திவிட்டாள். என் பிள்ளை மழையில் நின்று வழி கேட்கிறான் என்று தூக்கத்திலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். இந்த உடம்பு இனித் தாங்காது என்று டாக்டர் கையை விரித்த பிறகே லிந்தானிக்கு உறைத்தது.

அக்கா தோலகேலே போனில் பாடம் எடுத்திருந்தாள். "வழியெல்லாம் அவன்கிட்ட மட்டும் பேசு. ஏறும்போது சொல்லு, எறங்கும்போது சொல்லு, ஆறு வந்தா சொல்லு. அவனுக்கும் சேர்த்து சீட்டு எடு. வேற எவன்கிட்டயும் வாயத் தொறக்காத. உனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே! கிளையக் கையில வச்சுக்கிட்டு எவனையாவது வான்னு கூப்பிட்டுத் தொலைச்சே, அவன் கூடவே வந்து நம்ம வீட்ல உக்காந்துக்குவான். அம்மா கதவத் தெறந்து வச்சு, பாய் விரிச்சுக் காத்திருப்பா. யாருன்னு கேக்க மாட்டா, கேக்கவும் கூடாது."

"அண்ணே, கபாசேலா குலத்தானே, ரயில் வந்துடுச்சு. ஏறு" என்றான் லிந்தானி கிளையிடம். கிளை அவன் தோளில் லேசாகச் சாய்ந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அப்படித்தான், குடித்துவிட்டு வரும் இரவுகளில் முசி சாய்வதுபோல, அந்தப் பக்கமாகவே சாய்ந்து வந்தது. அதில் ஒரு நிம்மதி இருந்தது.

ரயிலுக்குள் அந்த நிம்மதியும் போயிற்று. பெட்டி வைக்கும் இடத்தை யாரோ வெள்ளைக்காரத் தம்பதியின் நான்கு மூட்டைகள் பிடித்திருந்தன. லிந்தானி பெட்டியைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, பக்கத்து இருக்கையைக் கையால் மறைத்தான். அது முசியின் இடம். ஒலிபெருக்கி ஓயாமல் சொல்லிக்கொண்டே வந்தது: உங்கள் பெட்டி உங்கள் பொறுப்பு, கண்பார்வையிலேயே வைத்திருங்கள், அறிமுகமில்லாதவரிடம் கொடுக்காதீர்கள். கொழுத்த ஆள் ஒருவன் வந்து அந்த இருக்கையைக் காட்டினான்.

"யாராச்சும் வராங்களா?"

லிந்தானி தலையை மட்டும் ஆட்டினான்.

"வாயில கொழுக்கட்டையா? சும்மா கெடக்குற சீட்டுக்குக் காவலு! அப்பன் வீட்டு ரயிலு!" என்று முனகிவிட்டு அவன் எதிரிலேயே நின்று முறைத்துக்கொண்டு வந்தான். பதிலுக்கு நாலு வார்த்தை லிந்தானியின் தொண்டை வரை வந்தது. விழுங்கினான். சட்டைப் பையில் போன் அடித்தது. அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. அக்காவாகத்தான் இருக்கும், பேசாதே என்று சொன்னவளே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பெட்டிக்குள்ளிருந்து முசியின் வேலைப் பூட்ஸின் வாடை, சிமெண்டும் வியர்வையும் கலந்து, மூடிய ஜன்னல்களுக்குள் கிளம்பி நின்றது. அதற்கு அடியில் வேறொரு வாடையும் இருந்தது. நனைந்த களிமண். மழை இன்னும் தொடங்கியிருக்கவில்லை.

மாற வேண்டிய நிலையம் வருவதற்குள் பட்டப்பகல் அப்படியே இருண்டு, கோடை இடி மேட்டுநிலத்தின் மேல் உருண்டு, தகரக் கூரையில் ஆலங்கட்டி கொட்டத் தொடங்கியது. எதிர்ப் பக்கத்தில் விமான நிலைய ரயில் வந்து நின்றுவிட்டது. இதை விட்டால் விமானமும் போய்விடும். வெள்ளைக்காரர்களின் மூட்டைகள் வழியை அடைக்க, கொழுத்த ஆள் முழங்கையால் இடிக்க, லிந்தானி கிளையை உயரப் பிடித்துக்கொண்டு பெட்டியை இழுத்தான். உடைந்த சக்கரம் ரயிலுக்கும் நடைமேடைக்கும் இடையிலிருந்த சந்தில் போய் மாட்டிக்கொண்டது. கதவு மூடும் ஒலி கேட்டது. இழுத்தான். வரவில்லை.

"உயிரோட இருந்தப்பவும் உன் மூட்டைய நான்தான்டா சுமந்தேன்!" என்று பல்லைக் கடித்தான். கண்ணில் நீர் முட்டியது. அழுகையா ஆத்திரமா, அவனுக்கே தெரியவில்லை.

பின்னாலிருந்து ஒரு கை வந்து பெட்டியின் பிடியைப் பற்றியது.

"விடு. நான் தூக்குறேன்."

பெட்டி இறகாகக் கிளம்பியது. அப்பாடா என்றிருந்தது லிந்தானிக்கு. திரும்பிக்கூடப் பார்க்காமல், எதிர் ரயிலை நோக்கி ஓடிக்கொண்டே சொன்னான்:

"வாங்க, வாங்க, சீக்கிரம்!"

ஏறினான். கதவு மூடியது. ரயில் நகர்ந்தது.

பெட்டி அவன் காலருகே நின்றது. தூக்கி வந்தவரைக் காணோம்.

அப்போதுதான் நினைவு வந்தது. இங்கே இறங்கணும் அண்ணே என்று அவன் சொல்லவில்லை. மாறி ஏறணும் என்றும் சொல்லவில்லை. சொன்னதெல்லாம் ஒன்றே ஒன்று. அதை யாரிடம் சொன்னான்?

"முசி அண்ணே?"

கிளை சாயவில்லை. நட்ட கம்பாய் விறைத்து நின்றது. போர்வை நனைந்திருந்தது. ஒரு துளி மழைகூட அவன் மேல் பட்டிருக்கவில்லை.

பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. ஒரு பெண் கைப்பையோடு உட்கார வந்தாள். பாதி குனிந்தவள் நிமிர்ந்தாள். மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த ரயில்பெட்டிக்குப் போய்விட்டாள். அவள் போன பிறகு இருக்கையின் மெத்தை மெல்ல அமுங்கியது. ஈரம் துணியில் ஊறி, வட்டமாகப் பரந்தது. களிமண் வாடை நாக்கில் ஒட்டியது.

லிந்தானி அந்தப் பக்கம் திரும்பவில்லை. போனை எடுத்தான். அக்கா குரலைப் பதிவு செய்து அனுப்பியிருந்தாள். காதோடு அழுத்திக் கேட்டான்.

"லிந்தானி, அம்மா எழுந்து உக்காந்துட்டாடா. கண்ணு மூடித்தான் இருக்கு, ஆனா பேசுறா. முசி ரயிலுக்குள்ளயே உக்காந்திருக்கானாம். எறங்கச் சொல்லி யாரும் சொல்லலையாம். வண்டி அவனைத் தூக்கிட்டுப் போகுதாம்." மூச்சு வாங்கும் சத்தம். "உன் பக்கத்துல உக்காந்திருக்கிறது யாருன்னு கேக்குறா. டேய், நீ யாரைடா கூட்டிட்டு வர்ற?"

விமான நிலையம் வந்தது. கூட்டத்தோடு இறங்கினான்.

திரும்பிப் போக வேண்டும். விமானம் போனால் போகட்டும். அதே வழியே போய், அந்த ரயிலைத் தேடி, அண்ணன் காலில் விழுந்தாவது கூட்டி வர வேண்டும். வெளியேறும் கதவில் இரண்டாவது அட்டையை மட்டும் தொடக்கூடாது. தொடாவிட்டால் கதவு திறக்காது. அது வெளியே வராது.

சட்டைப் பையைத் தடவினான். அவனுடைய அட்டை இருந்தது. முசியின் அட்டை இல்லை.

காலருகே பார்த்தான். பெட்டி இல்லை.

தலைக்கு மேல் ஒலிபெருக்கி சொன்னது: உங்கள் பெட்டி உங்கள் பொறுப்பு.

கூட்டத்துக்கு அப்பால், வெளியேறும் கதவருகே அட்டை தொட்ட ஒலி. கதவு திறந்தது. பெட்டி அதன் வழியே போனது. உடைந்த சக்கரம் சத்தமே இல்லாமல் உருண்டது. பிடி உயர்ந்து நின்றது. பிடித்த கை தெரியவில்லை. தரையில் மட்டும் ஈரத் தடங்கள், சேற்று நிறத்தில், ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. விமானம் ஏறும் பக்கம். டர்பன் பக்கம். அம்மா திறந்து வைத்த கதவின் பக்கம்.

லிந்தானி கிளையைக் கீழே போடப் பார்த்தான். முட்கள் உள்ளங்கைக்குள் இறங்கியிருந்தன. கிளை இழுத்தது. கன்றை இழுக்கும் கயிறாக. அவன் கால்கள் நடந்தன.

முன்னாலிருந்து ஒரு குரல், அவன் குரலிலேயே, அன்பாக அழைத்தது.

"வாங்க, வாங்க, சீக்கிரம்."

அவன் அட்டையைத் தொடவில்லை. கதவு அவனுக்காகத் திறந்தே நின்றது.