சிட்டுவின் மீதி எழுத்துகள்

டேப்பில் அருந்ததியின் குரல் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தது. ஆனால் அவள் வாசித்து நிறுத்திய இடம் எப்போதோ கடந்துவிட்டது.

"ஏ... ஜி... ஜி... டி..."

ஜெலுத்தோங்கில் மோட்டார் பட்டறைக்கு மேலே இருந்த அந்த ஆய்வுக்கூடத்தில், சிட்டு என்ற உள்ளங்கையளவு மார்மொசெட் குரங்கின் மூளையில் எந்தெந்த மரபணுக்கள் வேலை செய்தன என்று ஏ, சி, ஜி, டி என்ற நான்கு எழுத்துகளில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எக்ஸ்ரே படத்தில் விழும் கறுப்புக் கோடுகளை அருந்ததி வாசித்து டேப்பில் பதிவு செய்வாள். பிறகு அதைக் கேட்டுக் கம்ப்யூட்டரில் அடிப்பாள். நுனி பொருந்தும் துண்டுகளைக் கம்ப்யூட்டர் ஒட்டித் தரும். ஒட்டியது எந்த மரபணு என்று பார்த்து, அதன் பெயரை அவள் எழுத வேண்டும்.

கடைசி மரபணுவின் நடுவில் மட்டும் ஓட்டை. படத்தின் மேல்பகுதியில் கோடுகள் குழம்பிக் கிடந்ததால், நேற்று அங்கேயே நிறுத்திவிட்டாள்.

"இன்னும் அடைக்கலையா?" டாக்டர் தியாகராஜா கதவைத் திறந்தபடி கேட்டார்.

"இன்னிக்கு முடிச்சிடுறேன், டாக்டர்."

"போன வாரமும் இதான் சொன்ன. நான் போய் ஒரு தே தாரிக் குடிச்சிட்டு வர்றேன். அதுக்குள்ள முடிக்கல, நாளைக்கு உன் நாற்காலில ரோஹானா. அவ குரங்குக்கெல்லாம் அழமாட்டா லா."

மாடிப்படியில் அவருடைய காலடி தேய்ந்தது.

அருந்ததி டேப்பையே பார்த்தாள். இந்த வேலை போகக்கூடாது. காதில் விழுந்ததை அடித்தாள்.

கீழே பட்டறையில் சுத்தியல் ஓசை ஓய்ந்து மழை பிடித்துக்கொள்ள, டெட்டால் ஊற்றிக் கழுவியும் போகாத குரங்கு மூத்திர வாடை பின்னறையின் காலிக் கூண்டிலிருந்து மெல்ல எழுந்து வந்து அவள் கழுத்துக்குப் பின்னால் நின்றது. எழுத்துகளுக்கு நடுவே மெல்லிய சீழ்க்கை. கூண்டைத் திறக்கும்போது சிட்டு அப்படித்தான் கத்தும். மூளையை எடுக்கக் கொண்டுபோன கடைசி நாளும் கத்தியது. கம்பியை விடாமல் பற்றிய அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தவள் அருந்ததிதான்.

டேப் தேய்ந்திருக்கும், அவ்வளவுதான். அடித்து முடித்தாள்.

ஓட்டை அடைபட்டது. பெயர் எழுதும் கட்டம் திரையில் துடித்தது.

பொத்தானை அழுத்தினாள். டேப் நின்றது.

"சி... ஏ... ஏ..."

குரல் நிற்கவில்லை.

பிளக்கைப் பிடுங்கினாள். திரை அணைந்தது.

"டி... டி... ஜி..."

கறுத்த கண்ணாடியில் அவள் முகம். உதடுகள் அசைந்தன. அவள் அசைக்கவில்லை.

கையால் வாயைப் பொத்தினாள். குரல் அடைபட்டது. தொண்டைக்குள் சீழ்க்கை.

மாடிப்படியில் காலடி. "முடிஞ்சிதா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

உள்ளிருந்து சின்னஞ்சிறு விரல்கள் நீண்டு, அவள் கீழுதட்டைப் பற்றிக்கொண்டன. கூண்டுக் கம்பியைப் பற்றுவது போல.