ஒரு தகட்டில் இரண்டு பேர்

விமலராஜ் சுத்தியலை நிறுத்திய பிறகும் இரும்பில் ஒரு தட்டு கேட்டது. எதிரொலியாக இருக்கும் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு, பழைய எண்ணெயும் உப்பும் ஊறிய நாற்றத்தில் மூச்சை அடக்கியடக்கி, போர்க்கப்பலின் அடித்தொட்டியைத் தொடர்ந்து சுரண்டினான். இத்தாலியின் பலேர்மோ துறைமுகத்தில் வருசக்கணக்காகக் கிடந்த கிழட்டுக் கப்பல். பிசுக்கை வழித்தெடுத்ததும் பீரங்கிப் பயிற்சிக்கு இலக்காக நடுக்கடலுக்கு இழுத்துப் போவார்கள்.

உள்ளே இறங்குகிறவன் வாசல் பலகையில் தன் பெயர்த் தகட்டை மாட்ட வேண்டும், வெளியேறும்போது கழற்ற வேண்டும். விமலராஜுக்குத் தகடும் இல்லை, நாட்டில் தங்க அனுமதிக்கும் பெர்மெசோவும் இல்லை. அக்காவின் புருசன் அன்ரனியின் ஒரே தகட்டில் இருவரும் வேலை செய்தார்கள். அதைப் பெரிய கெட்டித்தனம் என்று வேறு நினைத்துக்கொண்டார்கள்.

பத்து மணிக்கு அன்ரனி மேலிருந்து எட்டிப் பார்த்தான்.

"மச்சான், கடைசிப் பரிசோதனையாம். எல்லாரையும் வெளியிலை வரட்டாம். நான் தகட்டைக் கழட்டிக்கொண்டு போறன். ஆர் கூப்பிட்டாலும் வாய் திறவாதை. அவங்கள் போனதும் வந்து கூட்டிக்கொண்டு போறன்."

"ஓம். கெதியா வாங்கோ அத்தான்."

பூட்ஸ் சத்தங்கள் நெருங்கின. உள்ளே யாராவது இருக்கிறீர்களா என்று ஓர் இத்தாலியக் குரல் மூன்று முறை கேட்டது. விமலராஜ் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். கனத்த கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடுண்டன.

பலகையில் தகடு இல்லை. ஆகவே உள்ளே ஆளில்லை.

தொண்டை கிழியக் கத்தினான். போனில் சிக்னல் இல்லை. தரை மெல்லச் சரிந்து நிமிர்ந்தது. இழுக்கிறார்கள். அத்தான் சொல்லுவார், கட்டாயம் சொல்லுவார். சொன்னால் அத்தானின் பெர்மெசோவும் போய்விடும்.

எத்தனை மணி நேரம் போனதோ தெரியாது. சுத்தியலால் மூன்று தரம் அடித்தான். பக்கத்துத் தொட்டியிலிருந்து மூன்று அடி திரும்பி வந்தது.

"ஆர் அங்கை? தமிழோ?"

இரும்பில் காதை வைத்தான். காலையில் அவனே துடைத்த தொட்டி அது. வெறும் தொட்டி.

டோர்ச் மங்கியது. அணைந்தது.

இடப்பக்கம் ஒரு தட்டு. தலைக்கு மேலே ஒன்று. பிறகு முதுகுக்குப் பின்னால். மிகக் கிட்ட. சட்டென்று எல்லாம் நின்றன. யாரோ மூச்சை அடக்கினார்கள்.

தூரத்தில் ஒரு முழக்கம். கப்பல் துள்ளியது. சுவர் பிளந்து வெயில் உள்ளே பாய்ந்தது.

தொட்டி நிறைய ஆட்கள். எண்ணெய் ஊறிய உடுப்புகள். முழங்காலை மடித்து, வரிசை வரிசையாக. ஒவ்வொருவரும் இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தார்கள்.

கடைசியில் இருந்தவன் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, அவனுக்கு இடம் விட்டான்.