காயாத மடி

மாதாவின் மடி மட்டும் காயவில்லை.

முகம் காய்ந்துவிட்டது, முக்காடு காய்ந்துவிட்டது. மடியில் பூசிய நீலம் மட்டும் இப்போதுதான் பூசியதுபோலப் பேபியின் விரலில் ஒட்டியது. முகர்ந்து பார்த்தாள். தேங்காய் எண்ணெய்.

தப்பு அவளுடையதுதான். வண்ணம் குழைக்கும் ஆளிவிதை எண்ணெய் தீர்ந்துபோக, செத்துப்போன அம்மா தலைக்கு வைத்துக்கொண்டிருந்த பாட்டிலைக் கவிழ்த்துவிட்டாள். தேங்காய் எண்ணெய் லேசில் காயாது என்று அந்த வீட்டின் முதல் பட்டதாரிக்கு யார் சொல்லித்தருவார்கள்? பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரியா?

இறந்த மகனை மடியில் கிடத்தியிருக்கும் மாதா. கான்வென்ட் சிஸ்டர் கொடுத்த பழைய படத்தின்மேல் கட்டம் போட்டு, கான்வாஸிலும் கட்டம் போட்டு, பார்த்துப் பார்த்துத் தீட்டினாள். மடி காய்ந்தால்தான் அதன்மேல் மகனைத் தீட்ட முடியும். ஞாயிற்றுக்கிழமை சிஸ்டர் பார்க்க வருகிறார். பிடித்தால் டிராயிங் டீச்சர் வேலை. இல்லையென்றால் தாம்பரம் சானடோரியம் பக்கத்து எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குப் பிசிறு வெட்டப் போகவேண்டியதுதான், டிகிரியை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு.

டர்பன்டைன் விட்டு மடியைத் துடைத்தாள். புதிதாய் வாங்கிய ஆளிவிதை எண்ணெயில் நீலம் குழைத்துப் பூசினாள். காலையில் மறுபடியும் எண்ணெய் கசிந்து, பழைய வாடையோடு மினுங்கியது.

அடிபம்பில் பக்கத்து வீட்டுப் பட்டு அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாம்மே, எண்ண வெச்சிகினியா? அம்மா போனதுலேர்ந்து பரட்டையா திரிஞ்ச. இப்பதான் பாக்குற மாதிரி கீற."

"நான் வைக்கலக்கா."

"அப்ப யாரு, மாதாவா வந்து பின்னிவுட்டுது?"

பேபி பின்னந்தலையைத் தொட்டாள். வழவழவென்று, இறுக்கமாக, ஒரு பின்னல். தொடையைத் தட்டி, "வா, தலையக் குடு" என்று உட்காரவைத்து அம்மா பின்னிவிடும் அதே இறுக்கம். கையை எடுத்தாள். விரல் நுனியில் நீலம்.

சனிக்கிழமை சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போயிற்று. ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் மழை கொட்ட, ஜி.எஸ்.டி. ரோட்டு லாரிகளின் உறுமலும் தாம்பரம் போகிற ரயிலின் கூவலும் தூரத்தில் கரைய, ஒற்றை அறை முழுக்க டர்பன்டைனை அமுக்கிக்கொண்டு தேங்காய் எண்ணெய் வாடை கிளம்பியது. பேபி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். இருட்டுகிற நேரத்தில் பேசக்கூட ஆளில்லாத வீடு. மழைக்கு நடுவில் வேறொரு சத்தம்.

சீப்பு.

சிக்கெடுக்கும் சத்தம். நிதானமாக. பக்கத்தில்.

தீக்குச்சி கிழித்தாள்.

மாதாவின் முகம் அவள் தீட்டிய முகம்தான். மாறவில்லை. மடியில் ஒரு பள்ளம். தலை அளவுக்கு.

வலது கை விரல்களில் கறுப்பாய் ஒரு இழை. அவள் தீட்டாதது.

முடி.

கான்வாஸிலிருந்து தொங்கியது. தரையில் ஊர்ந்தது. அவள் தோளுக்குப் பின்னால் ஏறியது.

"அம்மா?"

குச்சி விரலைச் சுட்டு அணைந்தது. பின்னல் மெல்ல இறுகியது. அடுத்த குச்சி நமத்திருந்தது. அதற்கடுத்தது பற்றியது.

விரித்துத் தீட்டியிருந்த இடது கை, மடியைத் தட்டிக்கொண்டிருந்தது. சளக். சளக்.