இன்னொரு மிடறு

கரண்டி இன்னும் கிண்ணத்துக்குள்தான் இருந்தது. அதற்குள் நெல்லையப்பன் விழுங்கும் சத்தம் கேட்டது.

சிவகாமியம்மாள் கையை நிறுத்தினாள். ஆரியசாலையில் மிளகாய் மண்டிக்கு மேலே இருந்த அந்த அறையில் மழைக்கால மத்தியானம் அந்திபோல இருண்டு கிடந்தது. கீழேயிருந்து ஈரச் சாக்கின் புழுக்கமும் வற்றல் மிளகாயின் நெடியும் படியேறி வந்து, கஞ்சியின் ஆவியோடும், புருஷனின் மூக்கோரத்துப் புண்ணுக்குத் தடவிய களிம்பின் வாடையோடும் கலந்து நின்றன. எச்சிலை விழுங்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

பக்கவாதத்தில் விழுந்த நாளிலிருந்து அவருக்கு மூக்கு வழியே விட்ட ரப்பர் குழாயில்தான் ஆகாரம். பாலும் கஞ்சித் தெளிவும் இறங்கினாலும் உடம்பு கரைந்துகொண்டே போனது. வாயால் சாப்பிடப் பழகாவிட்டால் அதிக காலம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் சரசம்மாதான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி, கெட்டிக் கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும்.

"ஒவ்வொரு வாய்க்கும் அப்பறம் பேசச் சொல்லணும், கேட்டியளா. குரல்ல தண்ணி கெடந்த மாதிரி கொளகொளன்னு கேட்டா நிறுத்திரணும். இல்லேன்னா கஞ்சி மூச்சுக்கொழலுக்குள்ள போயிரும்."

வாரக்கணக்காகக் கஞ்சி கடைவாயில் வழிந்தது. இருமலில் அவள் முகத்திலேயே தெறித்தது. கிழக்கேகோட்டைக் கோயில் பக்கம் திரும்பி அவள் கும்பிடாத வேளையில்லை. ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், இவர் விழுங்கினால் போதும், யார் வந்து விழுங்கவைத்தாலும் சரி என்று வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் விழுங்கினார்.

இருமல் இல்லை, வழிசல் இல்லை. ஏதாவது பேசுங்க என்று அவள் கெஞ்சியபோது, "சிவகாமி" என்றார். குரலில் துளி ஈரமில்லை. கல்யாணமான நாளிலிருந்து 'ஏளா' என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிடாதவர் பெயரைச் சொல்லிவிட்டாரே என்று அவளுக்கு ஒரு கணம் என்னவோபோல் இருந்தது. ஆனால் அன்று அந்தக் குரலைவிட அந்தக் கஞ்சி இறங்கியதுதான் பெரிதாகப் பட்டது. சரசம்மா சந்தோஷமாகக் குழாயை எடுத்துவிட்டாள்.

பிறகு கிண்ணம் போதவில்லை. பானையும் போதவில்லை. தின்னத் தின்ன விலா எலும்புகள் புடைத்துக்கொண்டு வந்தன. அசைவிருந்த இடக்கையால் அவர் கரண்டியைத் தட்டத் தட்ட, நோயாளியின் பிடிவாதம் என்று பழைய சேலைத் துணியால் அந்தக் கையைக் கட்டில் சட்டத்தோடு கட்டினாள். கண்ணில் ஓயாமல் நீர் வடிந்தது. மிளகாய் நெடி என்று துடைத்துவிட்டாள்.

இப்போது மறுபடியும் அந்தச் சத்தம். நிதானமான, நீளமான மிடறு. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, "இன்னும்" என்றது குரல்.

உதடு அசையவில்லை.

மண்டி ஆளை அனுப்பிச் சரசம்மாவை வரவழைத்தாள். வந்தவள் அவர் சட்டையை விலக்கி, துருத்திய விலாவைத் தடவிப் பார்த்தாள்.

"தின்னதெல்லாம் எங்க போச்சு?" என்றாள் மெல்ல.

திரும்பக் குழாய் போட்டு உடம்பைத் தேற்றுவோம் என்று சரசம்மா குழாய் நுனியில் எண்ணெய் தடவி மூக்கில் நுழைத்தாள். அது தொண்டையைத் தொடுமிடத்தில் எப்போதும் அவரை விழுங்கச் சொல்ல வேண்டியிருக்கும். இன்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. குழாய் வழுக்கிக்கொண்டு போனது. போதும் என்று சரசம்மா கையை எடுத்தாள்.

குழாய் நிற்கவில்லை.

ஒரு மிடறு. ஒரு சாண் உள்ளே போனது. இன்னொரு மிடறு. சரசம்மா பாய்ந்து பிடித்தாள். எண்ணெயில் கை வழுக்கியது. வெளியே நின்ற குழாயின் வாயும் மூக்குக்குள் மறைந்தது.

அவர் சிவகாமியைப் பார்த்தார். அந்தப் பார்வை அவருடையதுதான். பயந்து செத்துக்கொண்டிருந்த மனுஷனின் பார்வை. இத்தனை நாள் அவர் கை தள்ளியது, தனக்குள் இருந்து தின்னும் எதற்கோ போன தீனியை என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"ஐயோ, நான்தானே ஊட்டினேன்," என்றாள்.

அவர் தாடையைப் பிளந்து விரல்களை உள்ளே விட்டாள். தொண்டையின் அடியில் ரப்பர் தட்டுப்பட்டது. பிடித்தாள். இழுத்தாள்.

சுற்றிலும் சதை இறுகியது. சூடாக. ஈரமாக.

சரசம்மா பின்னாலிருந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு இழுத்தாள். நெல்லையப்பன் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்றார். தொண்டை அவர் சொல்லைக் கேட்கவில்லை. அவசரமே இல்லாமல், அவள் விரல்களை ஒரு மிடறு உள்ளே வாங்கியது. கண்ணாடி வளையல்கள் அவர் பற்களில் நொறுங்கின. அடுத்த மிடறுக்கு, தொண்டை மெல்லத் திறந்தது.